எந்த மலகாசி? மடகாஸ்கருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு மொழித் திட்டம்

மடகாஸ்கரின் தலைநகர் அந்தனானரிவில் மூன்று மாதம் அந்நாட்டு மொழியான மலகாசி படித்தேன். வாரம் மூன்று நாள், மணிக்கு 25,000 ஆரியாரி. நம் காசில் ஏறத்தாழ 500 ரூபாய். அப்புறம் வேலை செய்ய வேண்டிய இடமான சம்பாவவுக்குப் போனேன். வடகிழக்குக் கரையில், வெனிலா விளையும் பகுதி அது. முதல் நாள் காலை, தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் பாடம் செய்த வணக்கத்தைப் பவ்யமாகச் சொன்னேன்: "மன ஓன, தூம்புகு." அவர் சிரித்துக்கொண்டே, "ம்புலட்ஸார! ஈனு மரேசக?" என்றார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. மூன்று மாதப் படிப்பு வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

படித்ததெல்லாம் வீண் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வீண் இல்லை, வரிசை தப்பு. எதை முதலில் படிப்பது, எதை எங்கே படிப்பது, எந்தக் காகிதத்துக்கு எந்த மொழி வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாலு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசைதான் இது.

1. முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு மொழியை

"மடகாஸ்கரில் வேலை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் விடாதீர்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்திலும் செய்தித்தாளிலும் அரசாங்கக் காகிதத்திலும் இருக்கும் மலகாசி, நடு மேட்டுநிலத்தில் வாழும் மெரினா மக்களின் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. அந்தனானரிவு, அந்திசிராபே பக்கம் வேலை என்றால் அது ஒன்றே போதும், கவலையில்லை.

கரையோர ஊர்களில் கதை வேறு. வடகிழக்கில் பெட்ஸிமிசாரக, ட்ஸிமிஹேட்டி பேச்சு. வடக்கிலும் மேற்கிலும் சகலாவ. தென்மேற்கில் தொலியார பக்கம் வேஸு, மஹஃபாலி. தெற்குக் கோடியில் அந்தந்த்ரோய். எல்லாம் ஒரே மொழிக் குடும்பத்து அண்ணன் தம்பிகள்தான். ஆனால் கன்னியாகுமரிக்காரர் வேகமாகப் பேசும்போது சென்னைக்காரர் விழிப்பதைவிட இடைவெளி கொஞ்சம் அதிகம். கரையோரத்துக்காரர்களுக்கு நீங்கள் பேசும் பள்ளிக்கூட மலகாசி புரியும். அவர்கள் பேசுவதுதான் உங்களுக்குப் புரியாது.

என் யோசனை: அடிப்படை இலக்கணத்தையும் எழுத்தையும் பள்ளிக்கூட மலகாசியில் ஆறு வாரம் படியுங்கள். மூன்று மாதம் வேண்டாம். மீதிக் காசையும் நேரத்தையும் போகும் ஊரில் செலவழியுங்கள்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மொழிக் கட்டுரையில் விசா எதற்கு என்று கேட்கலாம். மொழி தெரியாததால் நான் அதிகம் இழந்தது இங்கேதான்.

சுற்றுலா விசாவில் போய் இறங்கி, அங்கே போய் நீண்ட காலத் தங்கலாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மாற்றக்கூடாத விசா. வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே தூதரகத்தின் வழியாக "மாற்றத்தக்க விசா" வாங்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு, அது காலாவதியாகும் முன் அந்தனானரிவில் நீண்ட காலத் தங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய பயணக் குறிப்புகளில் பார்த்த தொகையை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள்.

நாட்டின் ஆட்சி மொழிகள் இரண்டு, மலகாசியும் பிரெஞ்சும். குடிவரவு அலுவலகத்தில் நடைமுறை முழுக்க பிரெஞ்சுதான். ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். நான் பக்கத்துக்கு 30,000 ஆரியாரி கொடுத்தேன். போலீஸ் சான்றிதழைக் கிளம்பும் கடைசி வாரங்களில் வாங்குங்கள். என்னுடையது மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து புதிதாக வரவழைக்க ஐந்து வாரம் ஆயிற்று.

அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லும். டிக்கெட் எடுத்த பிறகு ஊசி போட ஓடாதீர்கள்.

3. மொழியை ரோமன் எழுத்திலேயே எழுதிப் படியுங்கள்

நம்மவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது. நானும் செய்தேன். தமிழில் "த" ஒன்றுதான். மலகாசியில் வன்மையான த வேறு, மென்மையான த வேறு. "மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்கள்" என்பதற்கு "அஸஃபாதி" என்று சொல்வார்கள். அதில் வரும் "ஃபாதி" என்றால் விலக்கு, செய்யக்கூடாதது. அதே இடத்தில் த-வை அழுத்தி "ஃபாத்தி" என்றால் பிணம். என் நோட்டுப் புத்தகத்தில் இரண்டுமே ஒரே மாதிரி எழுதியிருந்தது. ஒரு வயதான பாட்டியைத் தாண்டிப் போகும்போது அழுத்திச் சொல்லிவிட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நல்ல வேளை, சிரித்தார்.

இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் தருவது ஒலிக்குறிப்பு மட்டும். ரோமன் எழுத்தைப் படிக்க இந்த நாலைந்து விதி போதும்:

ரோமன் "ஓ" எழுத்தைப் பார்த்தால் "உ" என்று படியுங்கள். தனியாக "உ"வுக்கு அவர்களிடம் எழுத்தே கிடையாது. அதன் தலையில் கூரை போட்டிருந்தால் மட்டும் "ஒ". கரையோரப் பேச்சை எழுதும்போது அது வரும்.

சொல்லின் கடைசி உயிரை விழுங்கிவிடுவார்கள். "வாரி" (அரிசி) காதில் "வார்" என்றுதான் விழும். சொல்லின் கடைசியில் வரும் "ஒய்" எழுத்து வெறும் "இ".

"ஜே" என்பது "ட்ஸ"வின் மென்மையான வடிவம், நம் ஜ அல்ல.

"டி-ஆர்" சேர்ந்து வந்தால், "காற்று" என்று நிறுத்திச் சொல்லும்போது வரும் ற்ற ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் திணறும் இடம் இது. நமக்கு எளிது.

வடக்குப் பேச்சில் "என்" எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் அது நம் "ங". அந்திசிரானன என்று வரைபடத்தில் இருக்கும் ஊரை அங்குள்ளவர்கள் "அந்திசிராஙன" என்பார்கள். ஙப்போல் வளை என்று படித்தவர்களுக்கு இதில் சிரமம் இருக்காது.

4. தமிழ் வாக்கியத்தை வாலிலிருந்து சொல்லுங்கள்

தமிழில் "நான் அரிசி வாங்குகிறேன்." மலகாசியில் "மிவீதி வாரி அஹு", அதாவது வாங்கு, அரிசி, நான். அப்படியே தலைகீழ். "வெள்ளை வீடு" என்பது "ட்ரானு ஃபூட்ஸி", வீடு வெள்ளை. பிரெஞ்சு வழியாக நினைத்து மொழிபெயர்த்து ஒரு மாதம் திண்டாடினேன். தமிழ் வாக்கியத்தை மனதில் சொல்லிக்கொண்டு கடைசிச் சொல்லிலிருந்து திரும்பி வந்தால் பாதி வேலை முடிகிறது என்று ஆசிரியர் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, பாவம்.

காலம் காட்டுவது சுலபம். வினையின் முதல் எழுத்தை மாற்றினால் போதும். மிவீதி என்றால் வாங்குகிறேன், நிவீதி என்றால் வாங்கினேன், ஹிவீதி என்றால் வாங்குவேன். ஆளுக்கு ஏற்ப விகுதி மாறுவதில்லை.

இதில் ஒரு விசித்திரம். இடத்துக்கும் காலம் உண்டு. "ஆனி" என்றால் அங்கே. போன வாரம் அங்கே என்றால் "தானி" என்று ஆக வேண்டும். "நிவீதி லவனீல தானி சம்பாவ அஹு", சம்பாவவில் வெனிலா வாங்கினேன். "ஐஸ யனாவ்?" என்றால் எங்கே இருக்கிறாய், "தைஸ யனாவ்?" என்றால் எங்கே இருந்தாய். ஃபோனில் இந்த ஒரு த-வைக் கவனிக்காமல், ஏற்கெனவே போய்விட்டுத் திரும்பியவரை இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று நினைத்து அரை நாள் காத்திருந்திருக்கிறேன்.

நமக்குச் சாதகமான விஷயங்களும் உண்டு. நாம், நாங்கள் வேறுபாடு அப்படியே இருக்கிறது: நாம் என்றால் "இசிக", நாங்கள் என்றால் "இஸஹாய்". ஐரோப்பியர்கள் இதில் வருடக்கணக்கில் தடுமாறுவார்கள். நீங்கள் முதல் நாளே சரியாகச் சொல்வீர்கள். அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் "இஸி" ஒன்றே. "அவர் ஆசிரியர்" என்பதில் "இருக்கிறார்" தேவையில்லாதது போல அங்கேயும் தேவையில்லை. சுட்டுச் சொற்கள் நிறைய, தூரத்தைப் பொறுத்தும் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தும் மாறும். யாழ்ப்பாணத்தில் "உந்த" என்று வளர்ந்தவர்களுக்கு இந்தப் புத்தி ஏற்கெனவே இருக்கும். மற்றவர்கள் முதலில் இரண்டு மூன்றோடு சமாளியுங்கள்.

பொறி ஒன்று: இரட்டிப்பு. நாம் ஒரு சொல்லை இரட்டித்தால் அழுத்தம் கூடும். அங்கே குறையும். "ஃபூட்ஸி" வெள்ளை, "ஃபூட்ஸிஃபூட்ஸி" வெளுத்த மாதிரி, அவ்வளவுதான். நன்றாக வெளுத்த துணி வேண்டும் என்று இப்படிக் கேட்டால் மங்கலானதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இன்னொன்று: "என்ன வாங்கினாய்?" என்று கேட்க மிவீதியை வைத்துக் கேள்வி அமைக்க முடியாது. "ஈனுன நு நுவிதீனாவ்?" என்று செயப்பாட்டில்தான் வரும், "உன்னால் வாங்கப்பட்டது என்ன" என்பது போல. தமிழில் செயப்பாட்டு வினை கட்டுரைக்கு. மலகாசியில் அது சந்தைக்கு, சமையலறைக்கு. இதைத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டாவது வாரமே தொடங்குங்கள்.

5. காசு எண்ணுவதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

பத்து வரை மனப்பாடம் செய்யுங்கள்: இராய், ரூஅ, தேலு, ஏஃபட்ர, தீமி, ஏனின, ஃபீத்து, வாலு, சீவி, ஃபூலு. நூறு ஸாத்து, ஆயிரம் அரீவு. பத்தாயிரத்துக்குத் தனிச் சொல், ஆலின. இரவுக்கும் அதே சொல்தான். லட்சத்துக்கும் தனிச் சொல் இருக்கிறது, ஹேட்ஸி. லட்சத்தில் யோசிக்கிற நமக்கு இது பெரிய வசதி.

இப்போது பொறி. எண்ணைச் சிறியதிலிருந்து பெரியதாகச் சொல்வார்கள். 12,500 என்றால் "திமன்ஸாத்து சி ரூஅ அரீவு சி இராய் ஆலின", ஐந்நூறு, இரண்டாயிரம், ஒரு பத்தாயிரம். "திமன்ஸாத்து" காதில் விழுந்ததும் 500 நோட்டை நீட்டினேன். கடைக்காரர் மீதியைச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொல் வரும் வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது பொறி காசையே தின்றுவிடும். 2005 முதல் பணம் ஆரியாரி. அதற்கு முன் ஃபிராங்க். ஐந்து ஃபிராங்க் ஒரு ஆரியாரி. பெரியவர்களும் கிராமச் சந்தையில் விற்பவர்களும் இன்னும் ஃபிராங்கில் விலை சொல்வதுண்டு. 10,000 என்று கேட்டுவிட்டு 10,000 ஆரியாரி கொடுத்தால் ஐந்து மடங்கு கொடுத்துவிட்டீர்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள்: "ஆரியாரி ஸா ஃபரான்ட்ஸ?" இந்த ஒரு வாக்கியம் என் வகுப்புக் கட்டணத்தை மீட்டுத் தந்தது.

கைபேசிப் பணம் எங்கும் ஓடுகிறது. எம்வூல, ஆரஞ்ச் மனி, ஏர்டெல் மனி மூன்றும் உண்டு. சிம் வாங்கப் பாஸ்போர்ட் வேண்டும். மெனுவை மலகாசிக்கு மாற்றிவிடுங்கள். "கவுதி மியாஃபின" என்றால் ரகசிய எண். தினமும் பத்து முறை பார்க்கிற சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

6. படிவத்தில் வரும் சொற்கள், பெயர்ச் சிக்கல், ஃபுக்குந்தானி

வீடு எடுத்ததும் முதலில் போக வேண்டிய இடம் ஃபுக்குந்தானி அலுவலகம். நம் ஊர் வார்டு, கிராம நிர்வாகம் இரண்டும் சேர்ந்த கடைசிப் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வசிப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டும், "ஃபனமரினம்-புனேனன". வங்கிக் கணக்கு, தங்கல் அட்டை எதற்குப் போனாலும் இதைக் கேட்பார்கள். குடும்ப அட்டை மாதிரி ஒரு புத்தகமும் உண்டு, "கரினெம்-புக்குந்தானி". பாஸ்போர்ட் நகல், வாடகை ஒப்பந்தம், புகைப்படம் கொண்டுபோங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனால் ஒரே நாளில் முடியும். நான் தனியாகப் போனேன். மூன்று நாள்.

மேலே உள்ள சொற்களைப் பாருங்கள். வசிப்பிடம் என்பது "ஃபுனேனன". சான்று என்ற சொல்லோடு சேரும்போது "புனேனன" ஆகிவிடுகிறது. ஃபுக்குந்தானி "புக்குந்தானி" ஆகிறது. நாடு "ஃபிரெனேன", குடியுரிமை "ஸும்-பிரெனேன". பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆகிற கதைதான். இந்தப் புணர்ச்சி தெரியாவிட்டால் அகராதியில் எந்தச் சொல்லும் அகப்படாது.

வினைச்சொல்லிலும் இதே தொல்லை. பல அகராதிகள் வேர்ச்சொல்லின் கீழ்தான் சொற்களை அடுக்கியிருக்கும். எழுதுவது "மனூரட்ர", வேர் "சூரட்ர". படிப்பது "மமாக்கி", வேர் "வாக்கி". வேண்டிக் கேட்பது "மங்காத்தக", வேர் "ஹாத்தக". முன்னொட்டு வந்ததும் வேரின் முதல் எழுத்து கரைந்துபோகிறது. மலகாசி வேர்ட் என்ற இணைய அகராதியில் எந்த வடிவத்தைப் போட்டாலும் வேருக்கு வழி காட்டும், வட்டாரச் சொற்களையும் குறித்திருப்பார்கள். இலவசம். கூகுள் மொழிபெயர்ப்பும் மலகாசி செய்யும், ஆனால் பள்ளிக்கூட மலகாசி மட்டும்.

படிவத்தில் வருபவை: அனாரன, ஃபனம்பின்-அனாரன, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஒரு வரி, ஆச (தொழில்), சுனீய (கையெழுத்து). முதல் இரண்டிலும் நாம் மாட்டுவோம். அனாரன என்ற கட்டத்தில் குடும்பப் பெயரை எதிர்பார்ப்பார்கள், ஃபனம்பின்-அனாரனவில் இட்ட பெயரை. நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். ஒரு படிவத்தில் அப்பா பெயரை அனாரனவிலும் இன்னொன்றில் என் பெயரை அனாரனவிலும் எழுதினேன். இரண்டு வேறு ஆட்கள் என்று கோப்பு நின்றுவிட்டது. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும், எழுத்து மாறாமல் எழுதுங்கள். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். மலகாசிகளிலும் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் கட்டாயமில்லை, அண்ணன் தம்பிக்கே வேறு வேறு பெயர் இருப்பதுண்டு. ஆனால் கணினிக்கு விளக்க முடியாது.

7. ஆசிரியரைப் பிடிப்பது

அந்தனானரிவில் அங்காட்ஸு மேட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலகாசித் துறை மாணவர்களிடம் விசாரித்தால் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுப்பவர்கள் கிடைப்பார்கள். வெளிநாட்டவருக்குப் பாடம் எடுக்கும் பழக்கம் உள்ள ஆசிரியர்கள் கேட்பதைவிட இவர்கள் குறைவாகத்தான் கேட்பார்கள். முதலிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் எந்த ஊர்?" சம்பாவ போகிறவர் சம்பாவ பக்கத்துப் பெண்ணிடமோ பையனிடமோ படித்தால் இரண்டு மலகாசியும் ஒரே செலவில் வரும். தலைநகரில் எல்லா மாகாணத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எனக்கு இது தோன்றவே இல்லை.

அமெரிக்க அரசின் பீஸ் கோர் என்ற தொண்டர் அமைப்பு தன் தொண்டர்களுக்காகத் தயாரித்த மலகாசிப் பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒலிப்பதிவோடு. கிளம்பும் முன் இரண்டு வாரம் அதைக் கேளுங்கள். பிரெஞ்சும் கொஞ்சம் வேண்டும், ஆனால் அதில் மூழ்க வேண்டாம். பிரெஞ்சு மட்டும் பேசி வருடக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சந்தையில் ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை.

8. ஊரில் இறங்கியதும் இரண்டு பத்தி நோட்டு

நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் பள்ளிக்கூடச் சொல், வலது பக்கம் அந்த ஊர்ச் சொல். சம்பாவவில் என் முதல் பக்கம் இப்படி இருந்தது: நான் "இஸாஹு", இங்கே "ஸாஹு". நீ "யனாவ்", இங்கே "அனாவ்". நாம் "இசிக", இங்கே "ஆட்ஸிக". இல்லை "ட்ஸி மிசி", இங்கே "ட்ஸிசி". எங்கே "ஐஸ", இங்கே "அயிய". சின்ன "கேலி", இங்கே "ஹேலி". குழந்தை "ஸாஸ", இங்கே "ட்ஸைகி". அந்த வீட்டுக்காரம்மா கேட்டது, "நலமா, என்ன சேதி?" என்று. அதற்குப் பதில் "ட்ஸிசி", ஒன்றுமில்லை. நல்ல சேதி இருந்தாலும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஊரில் "எங்கே கிளம்பிட்டீங்க" என்றால் "சும்மா இங்கேதான்" என்கிறோமே, அது மாதிரி.

தொலியார போகிறவர்களுக்கு வேறு கோடு. மேட்டுநிலத்து "தி" அங்கே பெரும்பாலும் "லி" ஆகும், "ட்ஸி" வெறும் "தி" ஆகும். ஐந்து தீமி அல்ல, லீமி. வெள்ளை ஃபூட்ஸி அல்ல, ஃபூத்தி. நாய் மேட்டுநிலத்தில் "ஆலிக", அங்கே "அம்பூஅ". பணத்துக்கு "வூல" என்றால் புரியும், அவர்கள் "ட்ராலா" என்பார்கள். வணக்கம் "அகூரி ஆபி". இந்த மாற்று விதிகளைப் பிடித்துவிட்டால் பாதிச் சொற்களை நீங்களே ஊகிக்கலாம்.

எந்தக் கரையிலும் செல்லுபடியாகும் வணக்கம் ஒன்று உண்டு, "ஸலாம". குழப்பமாக இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

புரியாதபோது "ட்ஸி ஆஸுகு" (புரியவில்லை), "முரமூர, அஸஃபாதி" (மெதுவாகச் சொல்லுங்கள்). நான் பள்ளிக்கூட மலகாசியில் கேட்டால் அவர்களும் பள்ளிக்கூட மலகாசிக்கு மாறிவிடுவார்கள். அதில் ஒரு கஷ்டம், ஊர்ப் பேச்சு காதில் விழாமல் போகும். அதனால் மாலையில் "ஹுட்டேலி"யில் உட்காருங்கள். ஹுட்டேலி என்றால் தங்கும் இடமில்லை, நம் ஊர் ஹோட்டல் போலச் சாப்பாட்டுக் கடைதான். சோறு, அதற்கு ஒரு "லோக" (தொடுகறி), குடிக்கச் சோற்றுப் பானையின் அடிப்பிடித்ததில் கொதிக்கவைத்த நீர், "ரனுவூல". காலையில் "மூஃபு காசி" கேளுங்கள், குழிப்பணியாரச் சட்டி மாதிரி ஒன்றில் அரிசி மாவில் சுடுவார்கள். உட்கார்ந்து காது கொடுப்பதுதான் பாடம், கட்டணம் சாப்பாட்டு விலை.

9. யாரை எப்படி அழைப்பது

ஒருவரிடம் பேசும்போது மரியாதைக்காக நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இல்லை. அதிகாரியையும் யனாவ் என்றே சொல்லலாம். மரியாதையைத் "தூம்புகு" என்ற சொல் சுமக்கும், அதை விடாதீர்கள். வயதில் மூத்தவரை "ஸூகி", இளையவரை "ஸாண்ட்ரி" என்று உறவு வைத்து அழைக்கலாம். ஆண், பெண் இருவருக்கும் அதே சொல். ஆனால் "என் தங்கை" என்று பேச்சில் சொல்லும்போது ஜாக்கிரதை. ஆண் தன் சகோதரியை "அனபாவி" என்பார், பெண் தன் சகோதரியை "ரஹவாவி" என்பார். நான் ரஹவாவி என்று சொன்ன நாள் வேலை செய்த கிடங்கு முழுக்கச் சிரித்தது.

உங்களைக் "கரான" என்று அழைப்பார்கள். பல தலைமுறையாக அங்கே வாழும் இந்திய வம்சாவளியினருக்கான பெயர், பெரும்பாலும் குஜராத்திகள், வியாபாரக் குடும்பங்கள். அந்தச் சொல்லோடு "காசுள்ளவர், பேரம் பேசாமல் விடமாட்டார்" என்ற எண்ணமும் வரும். கோபப்பட்டுப் பயனில்லை. ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கே அந்தப் பேச்சு மாறிவிடும்.

10. தேதிகள்

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் மழைக்காலம். சாலைப் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளாதீர்கள், காகித வேலையும் தாமதமாகும். ஜூன் 26 சுதந்திர தினம், அதைச் சுற்றி அலுவலகங்கள் மந்தம். சம்பாவ, அந்தலாஹ, அந்தாப பக்கம் ஜூன், ஜூலையில் பச்சை வெனிலா அறுவடை. அப்போது ஃபுக்குந்தானித் தலைவர் தோட்டத்தில் இருப்பார், மொழி சொல்லிக்கொடுக்கும் ஆளும் அங்கேதான் இருப்பார்.

தங்கல் அட்டை புதுப்பிக்க இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வசிப்பிடச் சான்றிதழைப் புதிதாகக் கேட்பார்கள், போன வருடத்தது செல்லாது. காலை எட்டுக்கு முன் போங்கள். நகல்களை முந்தின நாளே எடுத்துவையுங்கள், கரன்ட் போனால் நகல் கடையும் போகும்.